ஏற்காட்டில் பள்ளி ஆண்டு விழா: 9, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த இசை நாடகம் பொருந்தும்?

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளிக்காகக் கேட்கிறேன். ஜனவரி கடைசி வாரம் ஆண்டு விழா. இந்த முறை துண்டு துண்டாக நடனம் வைக்காமல் ஒரே இசை நாடகமாகப் போடலாம் என்று முடிவாகியிருக்கிறது. பொதுத்தேர்வு இருப்பதால் 10, 12 வகுப்புகள் கிடையாது. 9-லும் 11-லும் சேர்த்து 46 பேர். பெண்கள் 31, பையன்கள் 15. முறையாகப் பாட்டு கற்றவர்கள் 4 பேர், நால்வரும் பெண்கள். ஆர்மோனியம் வாசிக்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். டோலக், புல்லாங்குழல் வாசிக்கும் பிள்ளைகளும் உண்டு. மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம். மேலே தகரக் கூரை. கையில் 60,000 ரூபாய்.

நிர்வாகத்துக்கு ஆங்கில மியூசிகல் மேல் ஆசை, 'அனி' என்ற பெயர் அடிபடுகிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ்தான். ஆசிரியர்களோ குற்றாலக் குறவஞ்சி, நந்தனார் சரித்திரம், பாஞ்சாலி சபதம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது? 9-ஆம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் பாட வைக்கலாமா?


சுதிப்பெட்டி:

வணக்கம் டீச்சர். நாடகத்தின் பெயரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் 46 குரலையும் எழுதி முடியுங்கள், அதற்கு இரண்டு மாலைகள் போதும். ஒவ்வொருவரையும் 'ஓடி விளையாடு பாப்பா' இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். முதலில் 1 கட்டையில், பிறகு 3-இல், பிறகு 5-இல் (கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுதி வைக்கும் அளவு, எண் கூடினால் சுதி உயரும்). அதன்பின் வசதியான சுதியில் ச-ப-மேல் ச தொடச் சொல்லிப் பாருங்கள். எங்கே கழுத்து நரம்பு தெறிக்கிறதோ அதற்கு இரண்டு ஸ்வரம் கீழேதான் அந்தப் பிள்ளையின் எல்லை. ஒரு தடவை தொட்டுவிட்டதை எல்லை என்று எழுதிவிடாதீர்கள். மேடையில் ஓடிக்கொண்டே ஒன்பதாவது பாட்டைப் பாடும்போது அந்த ஸ்வரம் வராது.

சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கதாநாயகி வேஷம் கட்டிய பையனுக்கு அன்றைக்கு வேலையே மாறிப் போகும். உங்களுக்கு அந்த நெருக்கடி வேண்டியதில்லை. மகரக்கட்டில் இருக்கும் பையனுக்குப் பெரும்பாலும் ஐந்தாறு ஸ்வரம்தான் பிடி கொடுக்கும், அதுவும் மாதத்துக்கு மாதம் நகரும். அவனைப் பாடாதே என்று ஒதுக்க வேண்டாம். தாளத்தோடு சொல்லும் பகுதி, விருத்தத்துக்கு (தாளமில்லாமல் பாடும் பாட்டு) முன் வரும் வசனம், கட்டியங்காரன் (கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர்) வேஷம் ஆகியவை அவனுக்குப் பொருந்தும். கத்திப் பாட வைத்தால் மட்டும் குரல் கெடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, தேவையானால் சுதியை இறக்குங்கள். ஜனவரியில் அவன் குரல் எங்கே நிற்கும் என்று அக்டோபரில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் தனிப் பாட்டு அதிகம் உள்ள வேஷத்தை 9-ஆம் வகுப்புப் பையனிடம் கொடுக்க வேண்டாம்.

சேர்ந்து பாடும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு 5 கட்டை இதம், உடைந்து முடிந்த பையன்களுக்கு 1 கட்டை. இரண்டையும் ஒரே பாட்டில் கட்ட வேண்டுமென்றால் 3 கட்டையில் வையுங்கள். மெட்டு கீழ் நிஷாதத்துக்கும் தைவதத்துக்கும் நடுவிலேயே புழங்க வேண்டும், மேல் ஷட்ஜத்தில் (மேல் ச) நீட்டி நிற்கக் கூடாது. பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், கேட்க நன்றாகவே இருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது பெண் குரல்களின் தோளில் நிற்கும் நாடகம். தனிப் பாட்டு நான்கைந்து பேருக்கு மேல் கூடாது, குழுப்பாட்டு நிறைய வேண்டும், மெட்டை இறக்கவும் வெட்டவும் உங்களுக்கு உரிமை வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மேடைக் கணக்கையும் பாருங்கள். இரண்டு பக்கமும் 3 அடி விங் (நடிகர்கள் மறைந்து நிற்கும் ஓரம்), பின்னால் வாத்தியக்காரர்களுக்கு 4 அடி போனால் மிஞ்சுவது 18-க்கு 12, அதாவது 216 சதுர அடி. கை வீசி ஆட ஒரு பிள்ளைக்கு 20 சதுர அடியாவது வேண்டும். பத்துப் பேர் ஆடலாம், இருபது பேர் நிற்கலாம். 46 பேரும் ஒரே நேரத்தில் மேடை ஏறும் காட்சி எந்த நாடகத்தில் இருந்தாலும் அதை மறந்துவிடுங்கள். மீதிப் பேரை மேடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பின்பாட்டுக் குழுவாக உட்கார வைத்தால் பாட்டுக்கும் பலம்.


மரப்பியானோ:

ஆங்கில மியூசிகலை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம். 'அனி' 1977-இல் வந்தது. அநாதை விடுதிச் சிறுமிகளின் கூட்டம் இருப்பதால் பெண்கள் அதிகமுள்ள பள்ளிக்குக் கணக்கு ஒத்துப் போகும். பள்ளிகளுக்கென்றே சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய 'ஜூனியர்' வடிவமும் பின்னணி இசையோடு கிடைக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்தின் கீழ் எல்லை, மேல் எல்லை ஸ்வரங்களை உரிமை நிறுவனங்களே தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். மேலே சொன்ன குரல் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்துமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தடை எங்கே என்றால், உரிமம் வாங்கினால் அதன் நிபந்தனையும் சேர்ந்தே வரும். அனுமதி இல்லாமல் பாட்டை வெட்டக் கூடாது, வசனத்தை மாற்றக் கூடாது, ஆண் வேஷத்தைப் பெண்ணாக மாற்றி எழுதக் கூடாது, தமிழில் மொழிபெயர்க்கக் கூடாது. கட்டணம் இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, எத்தனை காட்சி என்பதைப் பொறுத்தது. நாடகத்தை அறிவிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வேஷம் பிரித்துக் கொடுத்த பிறகு கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்குவது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் ஆசிரியரும் மாணவரும் நடிக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சலுகை தருகிறது. பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருந்தால்தான் அதை நம்பி இறங்கலாம். டிக்கெட் விற்று ஊரைக் கூட்டினாலோ, முழு நாடகத்தையும் யூடியூபில் ஏற்றினாலோ அந்தச் சலுகையை நம்ப முடியாது. இப்போதெல்லாம் ஆண்டு விழா என்றாலே நேரலை என்பதால் இதை நிர்வாகத்திடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பின்னணி டிராக் பற்றி ஒன்று. பிள்ளை ஒரு வரி தவறவிட்டால் டிராக் நிற்காது, ஆர்மோனியம் நிற்கும். டிராக்கின் சுதியை இரண்டு செமிடோனுக்கு (அரை ஸ்வரத்துக்கு) மேல் ஏற்றி இறக்கினால் வாத்திய ஒலி இயல்பு கெட்டுப் போகும். 4 பேர்தான் பாட்டு கற்றவர்கள், ஆர்மோனியத்துக்கு ஆளும் இருக்கிறது. இந்த நிலைமையில் நான் டிராக் பக்கம் போகமாட்டேன்.


அரிதாரம்:

டீச்சர், சேலம் பக்கம் இருந்துகிட்டு கூத்தை விட்டுட்டு வெளியே தேடணுமா? பாஞ்சாலி சபதம் எடுங்க. ஓமலூர், மேச்சேரி பக்கம் கூத்துன்னாலே பாரதக் கதை முன்னுக்கு நிக்கும். பெத்தவங்களுக்குக் கதை சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பாரதி மறைஞ்சது 1921, நம்ம சட்டத்துல ஆசிரியர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம்தான், அதனால பாட்டு வரிக்கு யாரையும் கேக்க வேண்டாம். வெட்டலாம், சேர்க்கலாம், சுதி இறக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சினிமாவுல வந்த பாரதி பாட்டு மெட்டை எடுக்காதீங்க, வரி பொதுச்சொத்து, மெட்டு இசையமைப்பாளருது. ஆர்மோனிய ஆசிரியரையே மெட்டுக் கட்டச் சொல்லுங்க. அதுல பெரும்பகுதி சிந்துப் பாட்டு. ஒரே அமைப்புல அடுத்தடுத்து வரும், ஒரு மெட்டுப் படிச்சுட்டா இருபது பாட்டுக்கு ஓடும். பாட்டுப் படிக்காத பிள்ளைங்களுக்கு இதைவிட உதவி கிடையாது.

அஞ்சு சருக்கத்தையும் போட முடியாது. அழைப்புச் சருக்கத்தைக் கட்டியங்காரன் வசனத்துல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சுடுங்க. சூதாட்டம் 25 நிமிஷம், அடிமைச் சருக்கம் 10, துகிலுரிதல் 20, சபதம் 10. மொத்தம் 70.

கூத்து முறையில போட்டா செட்டுச் செலவு இல்லை. பின்னால ஒரு பெஞ்சு, அதுல ஆர்மோனியம், டோலக், தாளம், பின்பாட்டு. பாத்திரம் வரும்போது ரெண்டு பேர் திரை பிடிக்கணும், திரைக்குப் பின்னால இருந்து பாடிட்டு வெளியே வரணும். திரை பிடிக்கிற அந்த ஒரு நிமிஷத்துல முந்தின காட்சி ஆளுங்க இறங்கிடுவாங்க.

கிரீடம், புஜக்கட்டை (தோள்ல கட்டற அணி) விஷயத்துல கவனம். அசல் கூத்துல கல்யாண முருங்கை மரத்துல செதுக்குவாங்க, அது லேசான மரந்தான், ஆனா கண்ணாடியும் சரிகையும் ஒட்டினதுக்கு அப்புறம் பிள்ளைங்க கழுத்துக்குப் பாரம். தெர்மகோலும் அட்டையும் போதும். தெர்மகோலை வெள்ளைப் பசையால ஒட்டுங்க, செருப்புக்கு ஒட்டுற மஞ்சள் பசை பட்டா உருகிக் குழி விழுந்துடும். கிரீடத்து நாடாவைத் தாடைக்கு அடியில கட்டாதீங்க. வாய் திறந்து பாடும்போது இழுக்கும், கிரீடம் ஆடும். பின்கழுத்துல, காதுக்குப் பின்னால கொண்டு போய்க் கட்டுங்க.

குறவஞ்சியைப் பத்தியும் சொல்லிடறேன். பந்தாட்டம், மலைவளம், குறி சொல்றதுன்னு பாட்டும் ஆட்டமும் பொங்கி வழியும், 31 பெண்களுக்குப் பொருத்தமான நூல்தான். ஆனா சிருங்காரப் பகுதியை நிறைய வெட்டணும். அதோட ஒரு சமூகத்தோட பேரை வேஷமாப் போடறோம்ங்கறதை மறக்கக் கூடாது. குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023-ல தமிழக அரசு தடை போட்டது அந்த மக்களோட வேதனையைக் கேட்டுத்தான். குறவஞ்சி இலக்கியம் வேற, அந்த ஆட்டம் வேற. ஆனாலும் வகுப்புல ஒரு பிள்ளைக்கு அந்தப் பேரே பட்டப்பேரா நின்னுடக் கூடாது இல்லையா? நந்தனாருக்கும் இதே கவலைதான். கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைங்க உருக்கமானது, ஆனா அந்த வேஷத்தை எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கறீங்க, எந்தப் பிள்ளை வேதியரா நிக்குது, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு ஒவ்வொரு வரியாப் பாக்கணும். நாலு மாசத்துல அதைச் சரியாச் செய்ய முடியாதுன்னா தொட வேண்டாம்.


மலைப்பள்ளி டீச்சர்:

ரொம்ப நன்றி. குரல் சோதனையை இந்த வாரமே தொடங்குகிறோம். பாஞ்சாலி சபதம் மனதுக்கு நெருக்கமாகப் படுகிறது. இரண்டு தயக்கம். சூதாட்டக் காட்சி முழுக்க ஆண் வேஷம். துகிலுரிதல் காட்சியைப் பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்து எப்படிப் போடுவது? பெற்றோர் முகம் சுளிக்காமல், அதே நேரம் காட்சி நீர்த்தும் போகாமல் இருக்க வேண்டும்.


அரிதாரம்:

ஆண் வேஷத்தைப் பெண்களுக்கே கொடுங்க. கூத்துல ஆம்பளைங்க பெண் வேஷம் கட்டறது காலங்காலமா உண்டு, இங்கே திருப்பிப் போடறோம், அவ்வளவுதான். சகுனிக்கு நல்லாப் பேசத் தெரிஞ்ச பிள்ளை வேணும், பாட்டு ரெண்டாம்பட்சம். துச்சாதனனையும் ஒரு 11-ஆம் வகுப்புப் பெண்ணே கட்டட்டும். உங்க தயக்கத்துல பாதி அங்கேயே தீர்ந்துடும்.

மீதிப் பாதிக்குச் சேலை. பாஞ்சாலி உடுத்தியிருக்கற சேலையை யாரும் தொடவே கூடாது. அதை இடுப்பிலும் தோளிலும் ஊக்கு குத்தி, உள்ளே முழு உடையும் போட்டுடுங்க. இழுக்கறது வேற சேலை. இளம்பிள்ளையில லேசான சேலை 8 வாங்குங்க, ஒண்ணு அஞ்சரை மீட்டர், தலைமாட்டுல ஒண்ணோட ஒண்ணு தைச்சா 44 மீட்டர். பருத்தி வேண்டாம், கனம் ஏறும். முந்தானைக் குஞ்சத்தை வெட்டிட்டுத் தைங்க, அந்த முடிச்சுதான் கொலுசுல மாட்டும். கொலுசே வேண்டாம்னா இன்னும் நல்லது. முதல் சேலை பாஞ்சாலி கட்டியிருக்கற நிறத்துலயே இருக்கணும். அப்புறம் நிறம் மாறிக்கிட்டே வரட்டும், அதுதான் பார்க்கறவங்க கண்ணுல நிக்கும்.

சுருட்டி வைக்காதீங்க, உருண்டு இறுகிடும். விசிறி மடிப்பா அகலமான கூடையில அடுக்குங்க, கடைசி முனை அடியில, முதல் முனை மேலே. கூடை வாத்தியப் பெஞ்சுக்குப் பின்னால. பாஞ்சாலி நடுவுல கண்ணை மூடிக் கை கூப்பி நிக்கணும். அவளுக்குப் பின்னால குனிஞ்சு ரெண்டு பெண்கள், கூடையிலிருந்து வர்ற துணியை அவ தோளுக்குப் பக்கவாட்டுல தள்ளி விடணும். துச்சாதனன் ஆறடி தள்ளி நின்னு கைக்குக் கை மாத்தி இழுக்கணும், பக்கத்துல வரவே வேண்டாம். ஒரு இழுப்புக்கு முக்கால் மீட்டர்னா 60 இழுப்பு, ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் கீழே இருக்கற பெண்கள் எல்லாரும் கண்ணனைக் கூப்பிட்டுப் பாடணும். முதல்ல மெதுவா, 30-ஆவது இழுப்புக்கு மேல காலத்தை, அதாவது வேகத்தை ஏத்தி, கடைசிச் சேலையில டோலக்கை நிறுத்திட்டு வெறும் குரல் மட்டும். அங்கே துச்சாதனன் சோர்ந்து உக்காரணும்.

என்ன தப்பு நடக்கும்னா, இழுத்த துணி காலடியில குவிஞ்சு இழுக்கறவரே தடுக்கி விழுவாங்க. அதை விங்குக்குள்ள வாரிக்கிட்டே இருக்க ஒரு ஆள் தனியாப் போடுங்க. அந்தக் காட்சியில மேடையில எரியற விளக்கு எதுவும் இருக்கக் கூடாது, அது செயற்கை இழை.


செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:

60,000-ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா, ஒரு 25,000-ஐச் சத்தத்துக்கு ஒதுக்குங்க மேடம். நல்ல நாடகம் பாழாப் போறது காது கேக்காமத்தான். 46 பேருக்கு 46 மைக் வேண்டாம். தனிப் பாட்டு உள்ளவங்களுக்கு ஆறு கார்ட்லெஸ் காலர் மைக், பின்பாட்டுக்கு ஸ்டாண்டு மைக் பக்கத்துக்கு ரெண்டு, ஆர்மோனியத்துக்கு ஒண்ணு. புஜக்கட்டை, மாலை போட்ட பிள்ளைக்கு மைக்கை நெஞ்சுல குத்தினா கரகரன்னு உரசும். கன்னத்தோரம் டேப் போட்டு ஒட்டுங்க, வேர்வை துடைச்சுட்டு ஒட்டணும். ஸ்பீக்கர் எப்பவும் பிள்ளைங்க நிக்கிற கோட்டுக்கு முன்னால, சபையைப் பார்த்து. பின்னால போச்சுன்னா ஊளைதான். மேடையில ஒரு சின்ன மானிட்டர் வையுங்க, அதுல ஆர்மோனியம் மட்டும் வரட்டும். இல்லாட்டி கீழே இருக்கற குழுவும் மேலே இருக்கறவங்களும் ஆளுக்கொரு காலத்துல போவாங்க. பேட்டரியைச் சூதாட்டம் முடிஞ்சதும் மாத்திடுங்க, தீர்ந்து போற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தகரக் கூரையில மழை விழுந்தா எந்த மைக்கும் எடுபடாது, அதுக்கு ஒரு மாற்றுத் தேதி பேசி வையுங்க.


சுதிப்பெட்டி:

மலைக் குளிரைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. ஈரக் காற்றில் டோலக்கின் தோல் தளர்ந்து சுதி இறங்கும். குளிரில் புல்லாங்குழலும் இறங்கும். ஆர்மோனியத்தின் ரீடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். மூன்றும் சேரும்போது கற்ற பிள்ளைக்கே குழப்பம் வரும். வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்பே மேடைக்குக் கொண்டுவந்து அந்தக் காற்றுக்குப் பழக விடுங்கள். குழல் வாசிப்பவர் வாசிக்கும் முன் ஊதிச் சூடாக்கிக் கொள்ளட்டும். திரை பிடிக்கும் இடைவெளியில் டோலக்கை ஒருமுறை ஆர்மோனியத்தோடு சரிபாருங்கள்.

நாள் கணக்கைத் தாராளமாகப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கும் விடுமுறைக்கும் போய்விடும், ஜனவரி நடுவில் பொங்கல். உண்மையில் கையில் இருப்பது அக்டோபர், நவம்பர், அதிலும் தீபாவளி போக ஏழு வாரம். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 21 மணி நேரம். ஒரு மெட்டு வாயில் ஏற இரண்டு மணி நேரம், அசைவோடு நிற்க இன்னொரு மணி நேரம் ஆகும். அதனால் ஏழு மெட்டுக்கு மேல் போகாதீர்கள். பாட்டு முழுவதும் நவம்பருக்குள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும். விடுமுறைக்கு முன் ஆர்மோனியத்தோடு எல்லாவற்றையும் பதிவு செய்து பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். சேலைக் காட்சியை மட்டும் தினமும் செய்யுங்கள், மடிப்பு அடுக்கும் கைகளுக்கும் அந்தப் பழக்கம் தேவை.

சேலத்திலிருந்து வரும் பெற்றோர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், பனி மூட்டம் வேறு. பிற்பகல் 2.30-க்குத் தொடங்கினால் பரிசளிப்பையும் சேர்த்து 5 மணிக்குள் முடித்துவிடலாம். பரிசளிப்பை நாடகத்துக்கு முன்பே வையுங்கள். ஒப்பனையோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சு நீளும்போது தொண்டை காயும், வெந்நீர் பிளாஸ்க் நான்கு வைத்திருங்கள்.


மலைப்பள்ளி டீச்சர்:

நேற்றும் இன்றும் சோதித்ததில் 15 பையன்களில் 9 பேருக்கு மகரக்கட்டு. 6 பேர் 1 கட்டையில் நிற்கிறார்கள். 5 கட்டையில் மேல் ஷட்ஜம் நீட்டக்கூடிய பெண்கள் 7 பேர். நிர்வாகத்திடம் இந்தப் பட்டியலையே வைத்தோம், பாஞ்சாலி சபதத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். பாஞ்சாலிக்கு இரண்டு பேரைத் தயார் செய்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: கட்டியங்காரனாக ஒருவரைப் போடுவதா, அந்த 9 பேரில் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதா?


அரிதாரம்:

மூணு பேருக்குக் கொடுங்க டீச்சர். ஒருத்தர் விட்ட வரியை இன்னொருத்தர் எடுத்துக்கலாம், கேள்வி பதிலா ஓடும்போது வசனமும் கலகலன்னு இருக்கும். மூணு பேருக்கும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே நிறச் சட்டை. ஆனா துகிலுரிதல் காட்சி தொடங்கினதும் மூணு பேரும் மேடையை விட்டு இறங்கிடணும். அங்கே சிரிப்புக்கு இடமில்லை.